கரண்டி முதல் சூத்திரம் வரை: சிறுநீரகத்தை அளந்த வரலாறு

இதயம் இலக்கியத்திற்குள் புகுந்த அளவிற்குச் சிறுநீரகம் புகவில்லை. இதயத்தின் துடிப்பைக் கேட்கலாம். மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் காணலாம். முதுகெலும்பின் இருமருங்கிலும் ஓசையின்றி உழைக்கும் சிறுநீரகங்களையோ, அவை வெளியேற்றும் நீரைக் கொண்டே அறிய வேண்டியிருந்தது. இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்கள் கண்ணாடிக் குடுவையில் நீரின் நிறம் பார்த்தனர். நம் சித்த மருத்துவர்கள் நீர்க்குறி, நெய்க்குறி என வகுத்து, அதில் இட்ட எண்ணெய்த் துளி பரவும் வடிவத்தையும் நோக்கினர்.

1827இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவத்திச் சுடரில் காட்டுவதைப் பற்றி எழுதினார். முட்டையின் வெண்கரு போல் அது திரண்டது. இரத்தத்தில் இருக்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் ஒழுகிப் போயிருந்தது. இறந்தோரின் உடலைத் திறந்து பார்த்தபோது சிறுநீரகங்கள் சிதைந்திருந்தன. வீக்கம், புரதம், சிதைவு ஆகிய மூன்றையும் அவர் ஒரே நோயாக இணைத்தார்.

நோய் தெரிந்தது, உறுப்பு வேலை செய்யும் முறை தெரியவில்லை. 1842இல் வில்லியம் பௌமன், நுண்குழாய்களின் முடிச்சாகிய கிளாமருலஸையும் அதைச் சூழ்ந்த கிண்ணத்தையும் நுண்ணோக்கியில் கண்டு விளக்கினார். அதே ஆண்டில் கார்ல் லுட்விக், இரத்த அழுத்தமே அங்கு நீரை வடிக்கிறது என்றார். வடிகட்டலா, சுரத்தலா என்ற வழக்கு எண்பதாண்டுகள் நீடித்தது. 1924இல் வேர்ன், ரிச்சர்ட்ஸ் ஆகிய அமெரிக்கர் இருவர் தவளையின் கிளாமருலஸ் கிண்ணத்துள் நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி நீரெடுத்தனர். அதில் புரதம் இல்லை, சர்க்கரை இருந்தது. சிறுநீர்ப்பையின் நீரிலோ சர்க்கரை இல்லை. முதலில் வடித்துவிட்டு, வேண்டியதைச் சிறுநீரகம் மீட்டுக்கொள்கிறது என்பது உறுதியாயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிகிறது. வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. சிறுநீரகத்தின் அருமை கழிப்பதில் மட்டுமன்று, மீட்பதிலும் உள்ளது.

வடியும் வேகத்தை அளப்பதற்குத் தசைகளின் கழிவாகிய கிரியேட்டினின் உதவியது. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கும். ஆயினும் தசை மிகுந்தவரிடம் அது இயல்பாகவே மிகும். மெலிந்த முதியவரிடம் குறைந்து காணப்பட்டு நோயை மறைக்கும். ஆகவே வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரங்கள் பிறந்தன.

இங்கேதான் அறிவியலுக்குள் சமூகம் நுழைந்தது. 1999இல் அமெரிக்காவில் வெளிவந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை 18 விழுக்காடு கூட்டியது. அவர்களுக்குச் சராசரியாகத் தசை மிகுதி என்பது சொல்லப்பட்ட காரணம். 2009இன் சூத்திரம் 16 விழுக்காடு கூட்டியது. சிறு திருத்தமெனத் தோன்றலாம். ஆனால் அந்நாட்டில் மாற்றுச் சிறுநீரகத்திற்கான காத்திருப்புக் காலம், டயாலிசிஸ் தொடங்காதோர்க்கு, அளவு 20 அல்லது அதற்குக் கீழ் இறங்கினால்தான் எண்ணப்படும். ஒரே வயது, ஒரே பால், ஒரே கிரியேட்டினின் கொண்ட இருவரில் வெள்ளையருக்கு 18 என்று வந்தால், கறுப்பினத்தவருக்கு 21 என்று வரும். முன்னவர் வரிசையில் நிற்பார். பின்னவர் வெளியே நிற்பார். குருதி ஒன்றே, வேறுபட்டது படிவத்தில் குறித்த இனம். 2021இல் இனம் நீக்கிய சூத்திரம் வந்தது. இழந்த காத்திருப்புக் காலத்தை மீட்டளிக்கும் விதி 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. இடையில் மறைந்தோர்க்கு எந்த விதியும் காலத்தை மீட்டளிக்க இயலாது.

இன்று நம் ஊர் ஆய்வகத் தாள்களிலும் இந்த மதிப்பீடு காணப்படுகிறது. 60க்குக் குறைவாக மூன்று மாதங்கள் நீடித்தால் அது நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே செயலிழப்பு. 60க்கு மேல் இருப்பினும் சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுவது நோயின் அறிகுறியாகலாம். எனவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பிரைட்டின் கரண்டி மறைந்துவிட்டது. அது கேட்ட கேள்வி மறையவில்லை. சூத்திரம் தரும் எண்ணோ அளவன்று, மதிப்பீடு. அதனுள் யார் எதை அனுமானித்தார்கள் என்று கேட்பது மருத்துவருக்கு மட்டும் உரிய வேலையன்று.