விண்வெளியில் ஒட்டுநாடாப் பழுதுபார்ப்பு

டக்ட் டேப் எனப்படும் துணி ஒட்டுநாடா இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர் வெஸ்டா ஸ்டவுட். அவருடைய மகன்கள் இருவர் கடற்படையில் இருந்தனர். தோட்டாப் பெட்டிகளைத் திறப்பதற்கான காகித நாடா இழுத்ததும் அறுந்துபோவதைக் கண்ட அவர், போர்முனையில் அந்தச் சில நொடித் தாமதம் உயிரைப் பறிக்கும் என்று அஞ்சினார். நீர்புகாத துணிநாடாவைப் பயன்படுத்தலாம் என 1943இல் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். யோசனை ஏற்கப்பட்டது; ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் நாடாவைத் தயாரித்தது.

இந்த நாடாவின் புகழ்பெற்ற பயன்பாடு அப்பல்லோ 13 பயணத்தில் நிகழ்ந்தது. 1970 ஏப்ரல் 11 அன்று ஜேம்ஸ் லோவெல், ஜாக் சுவைகர்ட், பிரெட் ஹைஸ் ஆகியோர் நிலவை நோக்கிப் புறப்பட்டனர். பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. மூவரும் நிலவில் இறங்குவதற்கான சிறுகலத்தில் தஞ்சம் புகுந்தனர். அது இருவர் ஏறத்தாழ இரண்டு நாள் தங்குவதற்காக அமைக்கப்பட்டது. இப்போதோ மூவர், சுமார் நான்கு நாள்.

ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தது. வெளிவிடும் மூச்சே ஆபத்தாயிற்று. கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் தாய்க்கலத்தில் மிகுதியாக இருந்தன. ஆனால் அவை சதுர வடிவம். சிறுகலத்தின் துளைகளோ வட்டம்! ஒரே பயணத்துக்கான இரு கலங்களில் இத்தகைய வேறுபாட்டை விட்டுவைத்தது வியப்புக்குரியது.

ஹூஸ்டனில் எட் ஸ்மைலி தலைமையிலான பொறியாளர்கள், கலத்தில் இருக்கும் பொருள்களை மட்டுமே கொண்டு ஒரு வழி கண்டனர். பெட்டியின் ஒரு முகத்தைப் பிளாஸ்டிக் பையால் மூடி, விண்வெளி உடைக்கான காற்றுக்குழாயை அதனுள் செருகி, நாடாவால் காற்றுப் புகாமல் சுற்றவேண்டும். உறிஞ்சும் விசையில் பை ஒட்டிக்கொள்ளாதிருக்கக் கையேட்டின் அட்டை வளைத்து வைக்கப்பட்டது. செய்முறை வானொலி வழியே படித்துக் காட்டப்பட்டது. வீரர்கள் அவ்வாறே செய்ததும் நச்சுக்காற்றின் அளவு விரைந்து குறைந்தது. ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினர்.

நாடா எப்போதும் கைகொடுத்ததில்லை. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 வீரர் யூஜின் செர்னானின் சுத்தியல் மாட்டியதில், நிலவு ஊர்தியின் பின்சக்கர மட்கார்டு உடைந்தது. சக்கரம் வாரியிறைக்கும் தூசி உடைகளையும் கருவிகளையும் அரிக்கும். கரிய தூசி படிந்தால் அவை சூடேறும். செர்னான் நாடாவால் ஒட்டினார். தூசி படிந்த பரப்பில் அது பிடிக்கவில்லை. ஓட்டத்தில் கழன்று விழுந்தது. மறுநாள் நான்கு நிலவரைபடத் தாள்களை ஒன்றாக நாடாவால் ஒட்டி, அந்த அட்டையைக் கலத்தில் கிடைத்த பிடிப்பான்களால் இறுக்கினர். இம்முறை நின்றது.

பசையுள்ள நாடா எதுவாயினும் பரப்பு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கவேண்டும். இன்று குழாய்க்கசிவுக்குப் பயன்படும், தானே ஒன்றிணையும் சிலிக்கோன் நாடாவில் பசையே கிடையாது. இழுத்துச் சுற்றும்போது அது குழாயோடு ஒட்டாமல் தன்மேலேயே ஒட்டி ஒரே ரப்பர் உறையாகிவிடுகிறது. ஆகவே ஈரமும் அழுக்கும் அதற்குப் பெரிய தடையல்ல. ஆனால் சுற்றிவர இடமுள்ள குழாய், கம்பி போன்றவற்றுக்கே அது உதவும். மட்கார்டு போன்ற தட்டையான தகட்டுக்கு உதவாது.

செர்னான் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்த வரைபட மட்கார்டு, அமெரிக்காவின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தில் உள்ளது.