தராசு யார் கையில்?

ஒரு நாட்டின் தலைவரைப் பிற நாட்டு நீதிபதிகள் கூண்டில் ஏற்றலாமா? ‘கூடாது, நாட்டின் மானம் என்னாவது?’ என்பார் ஒருவர். ‘ஆயிரக்கணக்கில் சாகடித்தவனைச் சும்மா விடுவதா?’ என்பார் இன்னொருவர். இந்த விவாதத்தில் ஓர் இந்தியருக்குப் பெரிய பங்குண்டு.

ஜப்பானின் போர்க்காலத் தலைவர்களை விசாரிக்க 1946-ல் டோக்கியோவில் ஒரு நீதிமன்றம் அமைந்தது. 11 நாடுகளிலிருந்து 11 நீதிபதிகள். முன்னாள் பிரதமர் டோஜோ உட்பட 28 பேர் மீது வழக்கு. இந்தியா சார்பில் போனவர் ராதாபினோத் பால். முதலில் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். பிறகு வக்கீல், கல்கத்தா ஹைகோர்ட் ஜட்ஜ். விசாரணை நடக்கும்போதே இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவர் மனநலம் சரியில்லை என்று விடுபட்டார். மீதி 25 பேரும் குற்றவாளிகள் என்று 1948 நவம்பரில் தீர்ப்பானது. டோஜோவோடு சேர்த்து 7 பேருக்குத் தூக்கு. பால் மட்டும் 1,200 பக்கங்களுக்கு மேல் தனித் தீர்ப்பு எழுதி, அத்தனை பேரும் நிரபராதிகள் என்றார்.

ஜப்பான் பக்கம் சாய்ந்துவிட்டாரா என்றால், இல்லை. நான்கிங்கில் ஜப்பானியப் படை செய்த அட்டூழியங்களை அவர் மறுக்கவில்லை. அவர் கேட்டது வேறு. போர் முடிந்த பிறகு எழுதிய சட்டத்தை வைத்து முன்பு நடந்ததைத் தண்டிக்கலாமா? ஜெயித்தவர்களே உட்கார்ந்து தோற்றவர்களை விசாரிப்பது நீதியா? ஜப்பான் மீது போட்ட அணுகுண்டுக்கு யார் பதில் சொல்வது? இத்தனைக்கும், எந்தச் சக்கரவர்த்தியின் பெயரால் போர் நடந்ததோ, அந்த ஹிரோஹிட்டோ மீது வழக்கே இல்லை. அவர் 1989 வரை அரியணையில் இருந்தார்.

கேள்விகள் நியாயமானவை. ஆனால் தராசு கோணலாக இருந்தால் தராசைச் சரி செய்யணும்; எடை போடுவதையே நிறுத்திவிடக் கூடாது.

சரி செய்ய முடியும் என்பதற்குச் சியரா லியோன் ஒரு சாட்சி. அங்கே உள்நாட்டுப் போரில் கலகக்காரர்கள் அப்பாவி ஜனங்களின் கைகளை வெட்டினார்கள். அந்த நாடும் ஐ.நா.வும் சேர்ந்து ஒரு நீதிமன்றம் அமைத்தன. கலகக்காரர்களுக்கு உதவிய லைபீரிய அதிபர் சார்லஸ் டெய்லர் மீது, பதவியில் இருக்கும்போதே, 2003-ல் குற்றப்பத்திரிகை வந்தது. 2012-ல் 50 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அதோடு நிற்கவில்லை. அரசுத் தரப்பில் போரிட்ட படையை நடத்திய ஹிங்கா நார்மன், மந்திரியாக இருக்கும்போதே கைதானார். தீர்ப்பு வருவதற்குள், 2007-ல் இறந்துபோனார். ஜெயித்த தரப்பையும் கூண்டில் ஏற்றலாம் என்பது அன்று நிரூபணமானது.

2002 முதல் ஹேக் நகரில் நிரந்தரமாகவே சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் இயங்குகிறது. அதிபர், பிரதமர் என்று யாருக்கும் அதன் சட்டத்தில் விலக்கு கிடையாது. ஆனால் அமெரிக்கா, ரஷ்யா, சீனா சேரவில்லை. நம் இந்தியாவும்தான். 1998-ல் இதற்கான ஒப்பந்தம் உருவானபோது, ஐ.நா. பாதுகாப்புச் சபைக்குத் தனி அதிகாரம் தருவதையும், அணு ஆயுதத்தை விட்டுவிட்டதையும் இந்தியா எதிர்த்தது. ஏறக்குறைய பால் பேசிய அதே பேச்சு!

ஒரு வித்தியாசம் உண்டு. பால் டோக்கியோவுக்குப் போகாமல் வீட்டிலிருந்து குறை சொல்லவில்லை. உள்ளே போய், கடைசிவரை உட்கார்ந்து, தன் எதிர்ப்பை எழுதி வைத்தார். இந்தியாவும் உள்ளே போய்த்தான் வாதாட வேண்டும் என்பது என் கட்சி. இன்று நம் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் என்ன சொல்கிறீர்கள்?