நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர்

நம் ஊர்க் கிணறுகளுக்கு நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணீர் என்ற பெயர்களை இட்டது நாக்குதான். பருப்பை வேகவிடாத, சோப்பை நுரைக்கவிடாத நீரைப் பின்னாளில் வேதியியல் கடினநீர் என்றது. கால்சியமும் மெக்னீசியமும் அதற்குக் காரணம். இந்தியத் தரநிலை லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்கிறது.

இந்த 'மாற்று' யாருக்கு வாய்த்தது என்பதே நம் வரலாறு. சென்னைக்கு 1872இல் செங்குன்றம் ஏரி நீர் வந்தது, 1914இல் கீழ்ப்பாக்கம் நீர்நிலையம், 1944இல் பூண்டி. பிறகு நகரம் மேற்கே திரும்பியது. நெல்வயல்களுக்குப் பாய்ந்த செம்பரம்பாக்கம் ஏரியில், 2007இல் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

அதே காலத்தில்தான் ஏரிக்கு மேற்கேயும் தெற்கேயும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகள் எழுந்தன. வாகனங்களும் கைப்பேசிகளும் செய்யும் இளைஞர்களும் பெண்களும் வாடகை அறைகளில் குவிந்தனர். குளிக்க ஆழ்துளைக் கிணற்று நீர், குடிக்க 20 லிட்டர் கேன் என்பது அங்கே பழகிப்போன ஏற்பாடு. எதிர்ச்சவ்வூடு பரவல் இயந்திரம் கடினத்தன்மையை நீக்கும். ஆனால் பிரிந்த உப்பு செறிந்த கழிவுநீராக வெளியேறும். அதை மண்ணில் விட்டால், அடுத்த கிணற்றின் சுவை மாறும்.

2015 டிசம்பரில் நிரம்பி வழிந்த ஏரி, 2019 கோடையில் வறண்டது. அப்போது நகரத்தின் தாகத்தைப் பற்றி நாம் நிறைய எழுதினோம். ஏரிக்கரைக்கு அருகிலேயே விலைக்கு நீர் வாங்கிக் குடிப்பவர்களை, 'மாற்று இல்லாத இடம்' என்ற ஒரு வரிக்குள் மறந்துவிட்டோம்.