வயிறா, இதயமா? ஐசனோவரின் நோய்க்குறிப்புகளில் ஒரு வரலாற்றுச் சிக்கல் (1955–1956)

மேல்வயிற்றில் எழும் கடும் வலி நெடுங்காலமாக மருத்துவர்களை ஏமாற்றி வந்துள்ளது. இதயத்தின் கீழ்ப்பரப்பு உதரவிதானத்தின்மீது அமைந்துள்ளது. இதயம், இரைப்பை, பித்தப்பை ஆகியவற்றின் வலியுணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் நெருங்கிய பகுதிகளையே சென்றடைகின்றன. ஆதலின் இரைப்பைப் புண் துளைபடுதல், கணைய அழற்சி, பித்தப்பை அழற்சி ஆகியன மாரடைப்பெனத் தோன்றுவதுண்டு. மாரடைப்பு அசீரணமெனத் தோன்றுவதும் உண்டு. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் வெளியிட்ட கட்டுரைக்கு முன்னர், 'கடும் அசீரணம்' எனப் பதிவான இறப்புகளுள் சில மாரடைப்பாக இருந்திருக்கக்கூடும்.

இம்மயக்கம் அரசியல் ஆவணங்களிலும் தடம் பதித்தது. 1955 செப்டம்பர் 24 அன்று பின்னிரவில், டென்வர் நகரில் தங்கியிருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் வலியால் விழித்தெழுந்தார். முந்தைய நாள் கோல்ஃப் ஆட்டத்தின்போது உண்ட பச்சை வெங்காயமே காரணமென அவர் முன்னரே ஐயுற்றிருந்தார். செய்தியாளர்களுக்குக் காலையில் தரப்பட்ட அறிவிப்பும் செரிமானக் கோளாறு என்றே கூறியது. வலி தொடங்கிச் சுமார் 10 மணி நேரம் கழிந்த பின்னரே இதய மின்வரைவு எடுக்கப்பட்டு, மாரடைப்பு உறுதியாயிற்று.

தாம் தொடக்கத்திலேயே மாரடைப்பை உணர்ந்ததாகவும், நோயாளியும் குடும்பத்தினரும் கலங்காதிருக்கவே அதனை மறைத்ததாகவும் தனி மருத்துவர் ஹோவர்டு ஸ்னைடர் பின்னர் விளக்கினார். வரலாற்றாசிரியர் கிளாரன்ஸ் லாஸ்பி 1997ஆம் ஆண்டு நூலில் இதனை மறுத்து, ஸ்னைடர் முதலில் வயிற்றுக் கோளாறென்றே பிழைபடக் கணித்தார் என வாதிடுகிறார். ஸ்னைடரின் விளக்கம் மின்வரைவின் முடிவு தெரிந்த பின் எழுந்தது. காலை அறிவிப்போ அதற்கு முற்பட்டது. இக்கால வரிசை லாஸ்பியின் கருத்துக்கே வலுச்சேர்க்கிறது எனலாம். குடும்பத்தாரை அமைதிப்படுத்தும் நோக்கம் உண்மையாகவே இருந்திருப்பினும், மின்வரைவு அத்துணைக் காலம் தாழ்ந்தமைக்கு அது போதிய காரணமாகாது.

ஒன்பது திங்கள் நிறைவதற்குள், 1956 ஜூன் 8 அன்று, அவருக்கு மீண்டும் வலி கண்டது. இம்முறை நோய் வயிற்றிலேயே இருந்தது. ஆயினும் தேர்தல் ஆண்டாதலின், இதயத்திற்குக் கேடில்லை என்பதையே முதலில் அறிவிக்க வேண்டியிருந்தது. குரோன் நோயால் கடைச் சிறுகுடலில் அடைப்பு ஏற்பட்டிருந்தமை கண்டறியப்பட்டது. அண்மையில் மாரடைப்புற்றவருக்கு மயக்க மருந்து தருவதிலிருந்த இடரை ஏற்று, மறுநாள் விடியுமுன் வால்ட்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் லெனார்டு ஹீட்டன் அறுவை செய்தார். நோயுற்ற பகுதியை அவர் அகற்றவில்லை. அதனைத் தவிர்த்துச் செல்லும் மாற்றுவழியே அமைத்தார்.