கல்லூரி விளையாட்டுச் செய்திகளில் பாலின வேறுபாடு: தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

மாணவர் அணிகளுக்கும் மாணவியர் அணிகளுக்கும் இணையச் செய்தித்தளங்கள் தரும் இடம், படம், மொழி ஆகியவற்றில் காணப்படும் ஏற்றத்தாழ்வை இத்தலைப்பு குறிக்கிறது. தேனி மாவட்டத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இணையத்துக்கு முந்தையது. போட்டிகள் அமைந்த விதத்திலேயே அதன் தொடக்கம் இருக்கிறது.

வரலாறு

முல்லைப் பெரியாற்று நீரால் செழித்த கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் தொடங்கியது. பெரியகுளம் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971இல் வந்தது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் கல்லூரி விளையாட்டு என்றாலே மாணவர் விளையாட்டு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

பெரியகுளத்துக்குக் கூடைப்பந்தால் தனிப் பெயர் உண்டு. பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்காக அங்குள்ள சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி 60 ஆண்டுகளைக் கடந்தது. கோடை விடுமுறையில் மின்னொளியில் நடக்கும் ஆட்டங்களுக்குக் கடற்படை, தரைப்படை, இந்தியன் வங்கி போன்ற அணிகள் வந்திருக்கின்றன. இது ஆண்களுக்கான போட்டி. ஊரும் மாதமும் மாறாததால் நிருபர்களுக்கு முன்கூட்டியே தெரியும். லீக் ஆட்டம் முதல் இறுதி ஆட்டம் வரை நாள்தோறும் செய்தி போகும். ஓர் ஆட்டத்தைத் தொடர்ந்து படிக்கும் பழக்கம் இப்படித்தான் ஊருக்குள் வளர்கிறது. கல்லூரிகளுக்கு இடையிலான மாணவியர் ஆட்டங்களோ பகலில், வளாகச் சுவருக்குள் முடிந்துவிடுகின்றன. ஊரார் பார்க்காத ஆட்டத்துக்கு நிருபரும் போவதில்லை.

1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி அதன்கீழ் வந்தது. உத்தமபாளையம் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. கல்லூரிப் படிப்பு எட்டாதிருந்த குடும்பங்களின் பெண்களுக்குத் தனிப் பல்கலைக்கழகம் பெரும் வாய்ப்பாக அமைந்தது. ஆனால் போட்டி அட்டவணையும் இரண்டானது. நாளிதழ்களின் மதுரைப் பதிப்புகளின் கவனம் காமராசர் பல்கலைக்கழகப் போட்டிகளிலேயே நின்றது. 1997இல் தேனி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. நாளிதழ்கள் இணையத்துக்கு வந்தபோது 'மாவட்டச் செய்திகள்' என்ற பிரிவும் சேர்ந்தது. பழைய வழக்கம் அப்படியே அங்கே குடியேறியது.

வகைகள்

வேறுபாட்டை நான்காகப் பகுக்கலாம். முதலாவது அளவு: எத்தனை செய்தி, எத்தனை வரி. இரண்டாவது இடம்: மாணவர் போட்டி விளையாட்டுப் பக்கத்துக்கும், மாணவியர் வெற்றி கல்லூரி விழாச் செய்திகளுக்கு நடுவிலும் போவது. மூன்றாவது படம்: ஆடுகளத்தில் பாயும் மாணவர் ஒருபுறம், முதல்வர், செயலருடன் கோப்பையைப் பிடித்து வரிசையாக நிற்கும் மாணவியர் மறுபுறம். உடற்கல்வி இயக்குநர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குழுப்படமே பல வேளைகளில் முழுச் செய்தியாகிவிடுகிறது. யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பது அதில் இராது.

நான்காவது கதை: ஆட்டத்தைவிட வாழ்க்கைத் துயரம் முன்னே வருவது. மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி, லேடி டோக் கல்லூரியில் பயின்றவர். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். பெற்றோரை இழந்ததையும், பாட்டி கூலி வேலை செய்து வளர்த்ததையும், தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஓடியதையும் பல தளங்கள் எழுதின. தகுதித் தேர்வில் அவர் 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடியதுதான் அவரை டோக்கியோவுக்கு அனுப்பியது. அது பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோனது. அவருடைய வறுமை உண்மை. ஆனால் விளையாட்டுச் செய்தியில் அவருடைய ஓட்டம்தான் முதலில் வர வேண்டும்.

பிறநாட்டு ஆய்வுகள்

அமெரிக்காவில் மைக்கேல் சாகஸ் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, பல்கலைக்கழக இணையதளங்களில் ஆண்களின் பேஸ்பாலுக்கு, பெண்களின் சாஃப்ட்பாலைவிடக் கூடுதல் இடம் தரப்படுவதைக் காட்டியது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972லேயே வந்த நாடு அது. செரில் குக்கி, மைக்கேல் மெஸ்னர் முதலியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2019இல் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தி நேரத்தில் பெண்களுக்குக் கிடைத்தது 5 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. இணைய மடல்களிலும் ட்விட்டரிலும் 10 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இணையத்தில் பக்க நெருக்கடி இல்லை, ஆகவே சமநிலை தானாக வரும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது.

வாசகர் விரும்புவதில்லை என்று ஆசிரியர் குழுக்கள் கூறுவதுண்டு. தொடர்ந்து எழுதப்படாத ஆட்டத்துக்கு வாசகர் உருவாக வழியில்லை என்பதால் இவ்வாதம் நிற்காது.

இன்றைய நிலை

முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர், மாணவியர் இருபாலாருக்கும் பிரிவுகள் உள்ளன. கல்லூரிகள் தம் சமூக ஊடகப் பக்கங்களில் முடிவுகளைத் தாமே வெளியிடுகின்றன.