ஆள்வாரா, ஆழ்வாரா? குருகூரை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த குருகூர் என்னும் ஆழ்வார்திருநகரிக் கோயிலில், நம்மாழ்வார் 16 ஆண்டு வாய் திறவாமல் யோகத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளி நிற்கிறது. இறைவனிடம் ஆழ்ந்தவர் ஆகையால் ஆழ்வார் என்பதே ஊரறிந்த விளக்கம். சுடலைமுத்து பழனியப்பன் 2004இல் வெளியான கட்டுரையில் இதை மறுத்தார். மூலச்சொல் தலைவரைக் குறிக்கும் ‘ஆள்வார்’. ளகரம் ழகரமாகத் திரிந்த பின் கற்பிக்கப்பட்டதே மற்ற பொருள் என்பது அவர் முடிவு. சான்று அவர் பக்கமே வலுவாக இருக்கிறது.

அந்தப் புளியமரத்துக்கே திருப்புளியாழ்வார் என்று பெயர். சக்கரமும் சக்கரத்தாழ்வார்தான். மரமும் ஆயுதமும் எதில் ஆழ்ந்தன? மரம் ஆதிசேடனின் அவதாரம், அதற்கும் பக்தி உண்டு என்று வாதிடலாம். குந்தவையை என்ன செய்வது? முதலாம் இராசராசனின் தமக்கையைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ‘ஆழ்வார் பராந்தகன் குந்தவைப் பிராட்டியார்’ என்கிறது. அவர் கொடுத்த கொடைகளைப் பதியும் இடத்தில் வரும் இந்தப் பட்டம் அரசகுல மரியாதையே தவிர வேறில்லை.

இலக்கணமும் இதற்கு ஒத்துவருகிறது. ஆழ்வார்களுள் ஒரே பெண் ஆண்டாள். அது ‘ஆள்’ என்ற வினையின் இறந்தகால வடிவம்; ‘ஆழ்’ அடிச்சொல்லானால் ஆழ்ந்தாள் என்றல்லவா வரும்? ளகர ழகர மயக்கத்துக்குத் தாமிரபரணிக் கரையில் ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. பழம் பளமாகவும் மழை மளையாகவும் ஒலிக்கும் சீமை இது. பேச்சில் கலந்துவிட்டதை எழுத்தில் திருத்தப் போகிறவர், வேண்டாத இடத்திலும் ழகரம் இட்டுவிடுவார்.

ஆனால் பிற்காலப் பொருளை வெறும் பிழை என்று தள்ள எனக்கு மனமில்லை. உடைமையாக்குவதைச் சொல்லும் வினைகள் மனம் ஒன்றுவதைச் சொல்லவும் வருவது உலக வழக்கு. ஆங்கிலத்தில் ‘எங்ரோஸ்’ என்றால் முதலில் சரக்கை மொத்தமாக வளைத்துப் போடுவது. இங்கிலாந்தில் 1844 வரை அது சட்டப்படி குற்றம். மனத்தை முழுதாகப் பிடித்துக்கொள்வது என்ற பொருள் பிறகு கிளைத்தது. அடிமையாக ஏற்பதைக் குறித்த ‘ஆட்கொள்’ளும் அப்படித்தான்: இன்று ஒரு நாவலே வாசகனை ஆட்கொள்கிறது.

ஒரு வேறுபாடு உண்டு. இவ்விரண்டிலும் பிடிப்பவர் வேறு, பிடிபடுபவர் வேறு. ஆள்வார் ஆழ்வாரானபோதோ, தலைவராக இருந்தவரே தன்னை இழந்தவராகிறார். குருகூரில் இது முரணாகப் படாததற்குக் காரணம் உண்டு. நம்மாழ்வாரின் சீடர் மதுரகவி பாடிய 11 பாசுரங்களும் நம்மாழ்வாரையே தெய்வமாகக் கொண்டவை. மதுரகவிக்கு அவர் ஆள்பவர், திருமாலுக்கு முன் ஆழ்பவர். சடாரியும் இதையே காட்டுகிறது. பெருமாள் சன்னதியில் நம் தலையில் வைக்கும் சடாரி, பெருமாளின் பாதமாகிய சடகோபர், அதாவது நம்மாழ்வார்தான். குருகூரில் நம்மாழ்வார் சன்னதியில் வைக்கும் சடாரிக்கோ இராமானுசம் என்று பெயர். அங்கே பாதமாக இருப்பவர் இராமானுசர், ஆள்பவர் நம்மாழ்வார்.