ரயில் வராத ரயில் பாதையும் ஆடு நடந்த சாலையும்



நம் பள்ளியில் படித்து இப்போது ஸ்பெயினில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவர், சைக்கிளில் கிராமம் கிராமமாகச் சுற்றிய படங்களைக் குழுவில் போட்டிருந்தார். "நாள் முழுக்க ஒரு கார்கூட எதிரே வரவில்லை டீச்சர், அவ்வளவு அமைதி" என்று எழுதியிருந்தார. படங்களில் மலைச் சுரங்கம் இருக்கிறது, உயரமான பாலம் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது. தண்டவாளத்தை மட்டும் காணோம். "ஏன் டீச்சர்?" என்று இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கேள்வி கேட்டால் நான் சும்மா விடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ரயிலுக்கும் முன்னால் இருந்த பாதையைப் பார்ப்போம். ஸ்பெயினின் வடக்கு மலைகளில் குளிர்காலத்தில் பனி மூடிவிடும், ஆடுகளுக்குப் புல் கிடைக்காது. தெற்குச் சமவெளியிலோ கோடையில் வெயில் எல்லாவற்றையும் காய்த்துவிடும். அதனால் இடையர்கள் ஆட்டு மந்தைகளைக் குளிர்காலத்துக்குத் தெற்கேயும் கோடைக்கு வடக்கேயும் ஓட்டிப் போவார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடை. 1273இல் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் இந்த ஆட்டுக்காரர்களின் சங்கத்துக்கு அரச அங்கீகாரம் கொடுத்தார். அதன் பெயர் மெஸ்தா. மெரினோ கம்பளி அந்த நாட்டுக்குப் பெரிய வருமானம், அதனால் மெஸ்தாவுக்கும் பெரிய செல்வாக்கு.

மந்தை போகும் பெரிய பாதைகளுக்குக் கான்யாதா என்று பெயர். அகலம் 90 காஸ்தீலிய வாரா, அதாவது சுமார் 75 மீட்டர். இன்றைய நான்கு வழிச்சாலையை விட அகலம்! ஆடுகள் மேய்ந்துகொண்டே நடக்க வேண்டுமே, அதற்காகத்தான். மெஸ்தா 1836இல் கலைக்கப்பட்டது. பிறகு பாதைகளின் ஓரத்தை உழுதவர்கள் உண்டு, வீடு கட்டியவர்கள் உண்டு, மேலேயே தார் போட்டவர்களும் உண்டு. ஆனாலும் அந்த நிலம் பொதுச்சொத்து என்ற உரிமை அழியவில்லை. 1995இல் வந்த சட்டம் ஒன்று, இவற்றை விற்க முடியாது, ஜப்தி செய்ய முடியாது, எத்தனை வருஷம் அனுபவித்தாலும் யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆட்டுக்கு முதல் உரிமை. நடப்பவர்களும், குதிரையில் வருகிறவர்களும், சைக்கிளில் வருகிறவர்களும் அதற்கு இடைஞ்சல் இல்லாமல் போகலாம். கிளைப் பாதைகளையும் சேர்த்து மொத்தம் சுமார் 1,25,000 கி.மீ.! இன்றும் மாட்ரிட் நகரத்தில் ஆண்டுக்கு ஒருநாள் ஆட்டு மந்தை நடுத்தெருவில் போகும். 1418ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஆயிரம் ஆட்டுக்கு 50 மராவேதி என்று பழைய நாணயத்தில் வரியும் கட்டுவார்கள். வேடிக்கை போலத் தோன்றும். பாதையின் மேல் உள்ள உரிமையை ஊருக்கு நினைவுபடுத்தும் வேலை அது.

இனி ரயிலுக்கு வருவோம். ஸ்பெயின் நாட்டின் உள்ளே முதல் ரயில் 1848இல் பார்சலோனாவிலிருந்து மத்தரோவுக்கு ஓடியது. அவர்கள் தண்டவாள அகலத்தை ஆறு காஸ்தீலிய அடி என்று வைத்துக்கொண்டார்கள். இன்று அது 1,668 மி.மீ. நம் அகல ரயில்பாதை 1,676 மி.மீ. எட்டே மில்லிமீட்டர் வித்தியாசம்! மலை நாட்டில் பெரிய கொதிகலன் உள்ள எஞ்சின் வேண்டும், அதற்கு அகலம் வேண்டும் என்பது அன்றைய பொறியாளர்களின் கணக்கு.

பிறகு ஊருக்கு ஊர் ரயில் கேட்டார்கள். சுரங்கத் தாதுவுக்கு ஒரு பாதை, ஆலிவ் எண்ணெய்க்கு ஒரு பாதை என்று போட்டார்கள். தெருவேல் மாநிலத்தில் ஓஹோஸ் நேக்ரோஸ் என்ற ஊரில் இரும்புத் தாது கிடைத்தது. அதைக் கடற்கரையில் சகுந்தோவுக்குக் கொண்டு போக வேண்டும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கம்பெனியின் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டணத்தில் ஒத்துப்போகவில்லை. சுரங்கக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 200 கி.மீ.க்கு மேல் நீளத்துக்குத் தங்கள் சொந்தப் பாதையையே போட்டுவிட்டார்கள்! நெடுந்தூரம் அந்தப் பழைய பாதைக்குப் பக்கத்திலேயே அதுவும் போகிறது. 1907இல் தொடங்கி 1972 வரை தாது ரயில் ஓடியது. இப்போது அதில் 160 கி.மீ. சைக்கிள் பாதை.

இதைவிட மனசைத் தொடுவது காடிஸ் மாநிலத்துப் பாதை. ஹெரெஸிலிருந்து அல்மார்ஹென் வரை, மலைக்கிராமங்கள் வழியாக ஒரு ரயில் பாதை போட 1920களில் வேலை ஆரம்பித்தார்கள். ஏழைப் பிரதேசம், ரயில் வந்தால் விடிவு வரும் என்று ஜனங்கள் நம்பினார்கள். மலையைக் குடைந்தார்கள், பாலம் எழுப்பினார்கள், ஸ்டேஷன் கட்டினார்கள். அதற்குள் பணமுடை வந்தது. 1936இல் உள்நாட்டுப் போர் வந்தது. பிறகு வேலை முடியவே இல்லை. ஒரு பயணி ரயில்கூட ஓடாத அந்தப் பாதையில், புவெர்த்தோ செர்ரானோவிலிருந்து ஓல்வேரா வரை 36 கி.மீ. தூரம் இன்று சைக்கிள் போகிறது. வழியில் 30 சுரங்கங்கள், 4 பெரிய பாலங்கள். சஃப்ராமகோன் என்ற பாறைமலையில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருங்கூட்டமாக வாழ்கின்றன. ரயிலே பார்க்காத ஸ்டேஷன்களில் சில இப்போது தங்கும் விடுதிகள்.

ஓடிய ரயில்களும் நிலைக்கவில்லை. லாரியும் பஸ்ஸும் வந்தன. 1985 ஜனவரி 1 அன்று, நஷ்டம் என்று சொல்லி, 900 கி.மீ.க்கு மேற்பட்ட பாதைகளில் ரயிலை நிறுத்தினார்கள். ஹயேன் பக்கம் ஆலிவ் எண்ணெய் ஏற்றிப்போன பாதையும் 1985இல்தான் மூடப்பட்டது. 1993இல் கணக்கெடுத்தபோது நாடு முழுக்க 7,600 கி.மீ.க்கு மேல் பாதை, ஐந்நூறு சுரங்கங்கள், 950க்கு மேற்பட்ட ஸ்டேஷன்கள் சும்மா கிடந்தன. அந்த வருஷம்தான் 'வியா வெர்தே', அதாவது பசுமை வழி என்ற திட்டம் தொடங்கியது. இன்று 3,000 கி.மீ.க்கு மேல் சைக்கிளுக்கும் நடைக்கும் தயார். எண்ணெய் ரயில் பாதையில் மட்டும் ஹயேனிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கி.மீ., ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே, பழைய இரும்புப் பாலங்களின் மேல்.

ஒரு சின்ன அறிவியலும் சொல்லிவிடுகிறேன். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏற முடியாது, வழுக்கும். நூறு மீட்டர் போனால் இரண்டு மூன்று மீட்டர் ஏற்றம்தான் தாங்கும். அதனால்தான் மலையைச் சுற்றியும் குடைந்தும் பாதை போட்டார்கள். அந்தப் புண்ணியம்தான், இன்று என் வயதுக்காரர்களும் மூச்சு வாங்காமல் மலைநாட்டில் சைக்கிள் மிதிக்கிறார்கள். எஞ்சினுக்காகப் பட்ட பாடு முழங்காலுக்கு உதவுகிறது.

இப்போது "அமைதி" என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். அந்த அமைதி எப்படி வந்தது? 1950, 60களில் கிராமத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் மாட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போனார்கள். ஆள் குறைந்தது, ரயில் நின்றது. ரயில் நின்றதால் இன்னும் ஆள் குறைந்தது. சோரியா, தெருவேல் போன்ற மாநிலங்களில் இன்று ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. தெருவேல் மக்கள் 1999இல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர், "தெருவேலும் இருக்கிறது". நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது! 2019இல் அவர்கள் பாராளுமன்றத்தில் ஓர் இடமும் பிடித்தார்கள்.

வாத்தியார் என்ற முறையில் என்னைத் தொட்டது அங்குள்ள பள்ளிகள். நான்கைந்து ஊர்ப் பிள்ளைகளைக் கணக்கில் சேர்த்து ஒரே பள்ளி என்று வைத்திருக்கிறார்கள். கட்டடம் அந்தந்த ஊரிலேயே இருக்கும். இசைக்கும் விளையாட்டுக்கும் உள்ள ஆசிரியர் ஊர் ஊராக வருவார். ஒரே வகுப்பறையில் ஐந்து வயதும் பதினொரு வயதும் உட்கார்ந்திருக்கும். பள்ளியை மூடினால் இளம் குடும்பம் அந்த ஊரில் தங்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

சைக்கிள்காரர்கள் வந்து ஒரு காபி குடிப்பார்கள், ஓர் இரவு தங்குவார்கள். அதனால் ஒரு விடுதியும் ஒரு டீக்கடையும் பிழைக்கும். அது மட்டுமே ஊருக்குப் பள்ளிக்கூடத்தையும் டாக்டரையும் திருப்பிக் கொண்டுவராது. ஆனாலும் ஒன்று யோசியுங்கள். ஆடு போன பாதையையும் ரயில் போன பாதையையும் துண்டு துண்டாக விற்றிருந்தால் இந்தக் காபியும் இல்லை, இந்தப் பாதையும் இல்லை. பொதுவழி ஒருதடவை பட்டா ஆகிவிட்டால் திரும்ப வராது. கையில் இருந்தால், நூறு வருஷம் கழித்து, போட்டவர் நினைத்தே பார்க்காத வேலைக்கு உதவும்.

எனவே, அங்கே மிதிக்கும் பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். சும்மா கடந்து போகாதே அப்பா. அந்த ஊர்க் கடையில் ரொட்டி வாங்கு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு அவர் மொழியில் வணக்கம் சொல். இங்கே ரயில் ஓடியதா என்று கேள். கேட்டதை எங்களுக்கும் எழுது, படிக்கக் காத்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.